ரிச்சி தெருவும் நாற்பது லித்தியம் செல்லும்

"மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் இருக்காது." பேப்பரில் இந்த அறிவிப்பு தங்கள் ஏரியா பெயரோடு வரும் நாளில், ராயப்பேட்டையின் ஒண்டுக்குடித்தன வீடுகளில் பனையோலை விசிறிக்குத் திடீர் மவுசு வந்துவிடும். ஐந்து மணி நேரம் போனால் போகிறது. 2012-ல் சென்னைக்கு தினம் இரண்டு மணி நேரம் வெட்டு, வெளி மாவட்டங்களில் அதைப்போல பல மடங்கு வெட்டு என்று இருந்ததை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12-ல் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று வரும்போதுதான் கதையே வேறு. பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் சார்ஜ் போனது பெரிய விஷயமில்லை. ஆஸ்துமாவுக்கு நெபுலைசர் வைத்துக்கொள்ளும் பாட்டி ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"இன்வெர்ட்டர் வாங்கி வைக்க வேண்டியதுதானே?" என்பீர்கள். இன்வெர்ட்டர் சின்னப் பெட்டி, எங்கேயும் வைத்துவிடலாம். பிரச்சினை அதனுடைய பேட்டரிதான். 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு பேர் பிடித்தாலும் அந்தக் குறுகலான மாடிப்படியில் திரும்ப முடியாது. அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், ஆசிட் கசியும், ஹவுஸ் ஓனர் தரை டைல்ஸைக் காட்டி முகத்தைச் சுளிப்பார். நாலைந்து வருடத்தில் மாற்றவும் வேண்டும். இந்த இடத்தில்தான், வீட்டில் இருக்கும் இன்ஜினியரிங் படிக்கும் பையனுக்கு ஒரு யோசனை வருகிறது. லித்தியம் செல் வாங்கி நாமே ஒரு பேக் கட்டினால் என்ன?

யோசனை நல்ல யோசனைதான். ராயப்பேட்டைக்காரருக்கு அதற்கான கடைத்தெருவும் நடக்கிற தூரத்திலேயே இருக்கிறது. ஆனால் கட்டப்போவது விளையாட்டுச் சாமான் இல்லை. அதனால் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடுவது நல்லது.

லித்தியம் செல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 18650. இந்த எண்ணில் மர்மம் ஒன்றும் கிடையாது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம், கடைசி சைபர் உருளை வடிவத்துக்கு. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தால் உள்ளே ஆறு அல்லது எட்டு இருக்கும். அதன் குண்டு அண்ணன் 32700, அதாவது 32 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் உயரம். சோலார் தெருவிளக்குகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

அளவை விட முக்கியமானது உள்ளே இருக்கும் சரக்கு. இரண்டு சாதிகள் உண்டு (இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சாதி பார்க்கலாம்!). நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. ஒன்று. இரும்பு பாஸ்பேட் போட்ட எல்.எஃப்.பி. இன்னொன்று. என்.எம்.சி. செல் 3.6 அல்லது 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2. எல்.எஃப்.பி. 3.2 வோல்ட், முழு சார்ஜில் 3.65. முன்னது எடைக்கு அதிக சக்தி தரும், அதனால் லேப்டாப்புக்கும் போனுக்கும் அது தோது. ஆனால் சூடு எல்லை மீறினால் அதன் நேர்மின்முனைப் பொருளே ஆக்சிஜனை விட்டுத் தீக்குத் துணைபோகும். எல்.எஃப்.பி.யில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் அவ்வளவு சுலபத்தில் விடாது. ஆயுளும் அதிகம், ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம். வீட்டு மூலையில் அசையாமல் கிடக்கப்போகும் பேக்குக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. ஆகவே இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, எல்.எஃப்.பி.தான்.

இந்த இரும்பு பாஸ்பேட் கதையில் ஒரு தமிழர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. ஆறுமுகம் மந்திரம். மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கி, 1980-களில் ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து வேலை செய்தவர். கோபால்ட்டுக்குப் பதிலாக விலை மலிவான இரும்பை வைத்து, அதோடு சல்பேட் போன்ற கூட்டு அயனிகளைச் சேர்த்தால் வோல்டேஜ் உயர்கிறது என்று இருவரும் காட்டினார்கள். அந்தப் பாதையில் நடந்துதான் 1997-ல் குட்இனஃபின் டெக்சாஸ் ஆய்வகத்திலிருந்து இரும்பு பாஸ்பேட் பற்றிய ஆய்வுக்கட்டுரை வந்தது. அதன் ஆசிரியர்களில் பாதி, நஞ்சுண்டசுவாமி என்று இரண்டு இந்தியர்கள் ('பாதி' என்பது ஒடிசாப் பக்கத்துக் குடும்பப் பெயர், அரைவாசி அல்ல!). 2019-ல் லித்தியம் அயன் பேட்டரிக்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது 97 வயது. அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம். ரிச்சி தெருவில் அட்டைப்பெட்டியில் குவிந்து கிடக்கும் அந்த நீலக் குழாய்களுக்குப் பின்னால் இவ்வளவு சமாச்சாரம் இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். கணக்குப் போடாமல் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம், அங்கேதான் காசும் வீணாகிறது. இரண்டு பி.எல்.டி.சி. மின்விசிறி, ஒன்றுக்கு 30 வாட் என்று 60. மூன்று எல்.இ.டி. பல்பு, 9 வாட் வீதம் 27. நெட்டுக்கு மோடம் 10. ஆக, நூறு வாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆறு மணி நேரத்துக்கு சுமார் 600 வாட் ஹவர். கம்ப்ரசர் வகை நெபுலைசர் நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும், ஆனால் ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஓடும் என்பதால் 30, 40 வாட் ஹவரில் முடிந்துவிடும். இன்வெர்ட்டரே சாப்பிட்டுவிடும் பங்கு ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு பதினைந்து சதவீதமாவது சேர்க்க வேண்டும். ஆக 750 வாட் ஹவர் பக்கம் வருகிறது.

32700 எல்.எஃப்.பி. செல் ஒன்று 6 ஏ.எச். 3.2 வோல்ட்டால் பெருக்கினால் 19.2 வாட் ஹவர். நாற்பது செல் வாங்கினால் 768. பத்துப் பத்தாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அப்படி நான்கு கூட்டங்களைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட், 60 ஏ.எச். நாற்பது செல்லும் சேர்ந்து ஆறு கிலோ வரைதான். பாட்டியே தூக்கிவிடலாம். கணக்கு சற்று இறுக்கமாகத்தான் இருக்கிறது. பேக்கைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச வேண்டாம் என்று நினைப்பவர் நாற்பத்தெட்டாக வாங்கிக்கொள்ளலாம்.

நான்கு எல்.எஃப்.பி. என்பதில் இன்னொரு வசதி. முழு சார்ஜில் 14.6 வோல்ட் வரும். பழைய ஆசிட் பேட்டரிக்காகச் செய்யப்பட்ட 12 வோல்ட் இன்வெர்ட்டர்கள் 14.4 வாக்கில்தான் சார்ஜ் செய்கின்றன. இரண்டும் கிட்டத்தட்ட பொருந்திப்போகும். என்.எம்.சி.யில் மூன்று போட்டால் முழு சார்ஜே 12.6-தான், அதில் 14.4-ஐத் திணிப்பது அபாயம். நான்கு போட்டால் 16.8, அந்த இன்வெர்ட்டரால் ஒருபோதும் நிரப்ப முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் லேப்டாப் செல்லை இன்வெர்ட்டருக்கு மாட்டுவது பற்றி யாராவது ஆலோசனை சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவது உத்தமம்.

இனி கடைத்தெரு. மணிக்கூண்டிலிருந்து கிளம்பி, கார் உதிரிபாகக் கடைகள் வரிசை கட்டி நிற்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வழியாக அண்ணா சாலையைத் தொட்டு, எதிர்ப்பக்கம் தாண்டினால் ரிச்சி தெரு. பெயர்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று சுற்றியுள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்தே ஊரில் அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் ஷட்டரைத்தான் பார்க்க முடியும். அங்கே நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்.

"பாய், 32700 இருக்கா?"

"எல்.எஃப்.பி.யா தம்பி? எத்தனை பீஸ்?"

"நாப்பது. புதுசா, கழட்டுனதா பாய்?"

"ரெண்டும் இருக்கு. நீ எதுக்குக் கேக்குற, சொல்லு."

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கிற கடைக்காரர் நல்ல கடைக்காரர். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதே லாபம். ஒரே பெட்டியிலிருந்து, ஒரே பேட்ச் எண்ணில் கேட்க வேண்டும். கையில் மல்டிமீட்டரும், முடிந்தால் உள்மின்தடை காட்டும் சின்ன மீட்டரும் இருந்தால், அங்கேயே நின்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். எல்லாம் 3.2, 3.3 வோல்ட்டில் நிற்கும்போது ஒன்று மட்டும் 2.4 என்று காட்டினால், விலை எவ்வளவு குறைத்தாலும் அது வேண்டாம். உள்மின்தடை மற்றவற்றைவிட இரண்டு மடங்கு காட்டுவதும் வேண்டாம். பொறுமையாகப் பார்ப்பவரைக் கடைக்காரர் திட்டமாட்டார். காய்கறிக் கடையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பதைப்போல இதுவும் அங்கே பழகிய விஷயம்தான்.

போலிகள் 18650-ல்தான் அதிகம். மேலே 9900 எம்.ஏ.எச். என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். நல்ல கம்பெனிகளின் 18650 செல்லே பொதுவாக 3500 வாக்கில்தான் நின்றுவிடும் என்று தெரிந்தவருக்கு அது தமாஷ், தெரியாதவருக்கு நஷ்டம். தராசு வைத்தாலே குட்டு வெளிப்படும். ஒழுங்கான 18650 சுமார் 45 கிராமுக்குக் குறையாது. வெளி உறை வெறும் பி.வி.சி. சுருக்கக் காகிதம்தானே, எந்தப் பெயரை வேண்டுமானாலும் அச்சடித்து மாட்டிவிடலாம்.

காசு மிச்சம் பண்ண பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து எடுப்பவர்களும் உண்டு. டார்ச் லைட்டுக்கும் சின்ன பவர் பேங்குக்கும் அது சரி. ஆனால் இரண்டு வோல்ட்டுக்குக் கீழே விழுந்து மாதக்கணக்கில் கிடந்த செல்லை 'எழுப்புவது' கூடாது. அப்படிக் கிடக்கும்போது உள்ளே இருக்கும் செம்புத் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும் வாய்ப்பு இருக்கிறது. முதல் நாள் ஒழுங்காகத்தான் வேலை செய்யும், அதுதான் இதில் மோசமான அம்சம். நல்லதாகத் தோன்றும் பழைய செல்லையும் முழுக்க சார்ஜ் செய்து இரண்டு வாரம் சும்மா போட்டு, வோல்டேஜ் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். இந்தப் பொறுமை பரீட்சை நேரத்தில் யாருக்கும் இருப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் உடனே வெல்டிங் செய்யத் துடிக்கும். கூடாது. எல்.எஃப்.பி.க்கு ஒரு குணம் உண்டு. இருபது சதவீதத்திலிருந்து எண்பது சதவீதம் வரை வோல்டேஜ் கிட்டத்தட்ட அசையாமல் 3.2, 3.3-லேயே நிற்கும். ஆக, மீட்டரில் ஒரே எண் காட்டும் இரண்டு செல்களில் ஒன்று பாதியும் இன்னொன்று முக்காலும் நிறைந்திருக்கலாம். அப்படியே தொடரில் சேர்த்தால், நிறைந்தது முதலில் முட்டி நிற்கும், குறைந்தது கடைசிவரை நிரம்பாது. அதனால் நான்கு கூட்டங்களையும் முதலில் பக்க இணைப்பாகச் சேர்த்து, 3.6 வோல்ட்டில் வைத்து, மின்னோட்டம் ஏறக்குறைய நின்றுபோகும் வரை நிரப்ப வேண்டும். மொத்தம் 240 ஏ.எச். 10 ஆம்பியர் கொடுத்தாலும் அரை நாளுக்கு மேல் பிடிக்கும். அதன் பிறகுதான் பிரித்துத் தொடராக மாற்றுவது. பலரும் தாண்டிவிடும் படி இதுதான். "பேக் சரியா பேக்கப் தரமாட்டேங்குது" என்ற புலம்பலில் நிறைய இங்கேதான் பிறக்கிறது.

இணைக்க நிக்கல் பட்டை. 8 மில்லிமீட்டர் அகலம், 0.15 தடிமன் உள்ளது ஐந்து ஆம்பியரைத் தாங்கும். பத்து செல் பகிர்ந்துகொள்வதால் 30 ஆம்பியர் போனாலும் ஒன்றுக்கு மூன்றுதான் வரும். ஆனால் நிக்கல் என்று சொல்லி நிக்கல் முலாம் பூசிய இரும்பைக் கொடுப்பதும் உண்டு. காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். நன்றாகச் சுரண்டிவிட்டு உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால், காலையில் துரு பிடித்திருப்பது இரும்பு. பட்டையை ஸ்பாட் வெல்டிங்தான் செய்ய வேண்டும். சால்டரிங் அயர்னை செல்லின் மேலேயே வைத்து அழுத்தினால் அந்தச் சூடு உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்துக்கு ஆகாது. வெல்டிங் மெஷின் கிடைக்காதவர், திருகு முனை வைத்த பெரிய சதுர செல் நான்கு வாங்கி, போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். உண்மையில் முதன்முறை கட்டுகிறவருக்கு அதுதான் நல்லது. நாற்பது செல்லுக்கு எண்பது முனை, ஒன்றில் பிசகினாலும் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

நேர்முனையைச் சுற்றிப் பச்சை நிற இன்சுலேஷன் காகித வளையம் ஒட்ட வேண்டும். பார்லி பேப்பர் என்று கேட்டால் தருவார்கள். செல்லின் உடம்பு முழுக்க எதிர்முனை. நேர்முனைக்கும் அதற்கும் நடுவே ஒரு மெல்லிய பி.வி.சி. விளிம்புதான் காவல். நிக்கல் பட்டை அதில் உரசி உரசி என்றாவது ஒருநாள் அறுத்துவிடும். இரண்டு ரூபாய்க் காகிதத்தில் மிச்சம் பிடிப்பது எந்தக் கணக்கிலும் சேராது. வேலை செய்யும்போது கையில் மோதிரம், காப்பு எதுவும் இருக்கக் கூடாது. 12 வோல்ட்தானே ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், மோதிரம் பழுத்துவிடும்.

பிறகு பி.எம்.எஸ். என்கிற பலகை. ஒவ்வொரு கூட்டத்தின் வோல்டேஜையும் தனித்தனியாகக் கவனித்து, ஏறினாலும் இறங்கினாலும் துண்டித்துவிடும் காவல்காரன். வாங்கும்போது எல்.எஃப்.பி.க்கான நான்கு செல் பலகை என்று அழுத்திச் சொல்லிக் கேட்க வேண்டும். என்.எம்.சி. பலகை 4.2 வரை விட்டுவிடும், எல்.எஃப்.பி.க்கு அது அதிகம். மெல்லிய வயர்களின் பிளக்கைப் பலகையில் செருகுமுன், எதிர்முனையிலிருந்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். முழு சார்ஜில் இறக்கி வைத்த பேக்கில் 3.3, 6.6, 10, 13.3 என்று படிப்படியாக ஏற வேண்டும். வரிசை மாறியிருந்தால் செருகிய கணத்தில் பலகை புகைந்துவிடும். பேக்கின் நேர்முனைக்கு வெகு அருகில் டி.சி. ஃபியூஸ் ஒன்று. வீட்டு மீட்டர் போர்டில் இருக்கும் ஏ.சி. எம்.சி.பி.யைக் கழற்றி மாட்டுவது கூடாது. ஏ.சி.யில் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சைபரைத் தொடுவதால் பொறி தானே அணையும், டி.சி.யில் அந்த இடைவெளி கிடையாது.

இன்வெர்ட்டரில் டியூபுலர், ஃபிளாட், ஜெல் என்று ஸ்விட்ச் இருந்தால், எந்த நிலையில் எத்தனை வோல்ட் தருகிறது என்று மீட்டரால் அளந்த பிறகே பேக்கை மாட்ட வேண்டும். 14.6-ஐத் தாண்டினால் அந்த நிலை வேண்டாம். 'எங்க வீட்டு இன்வெர்ட்டர் நல்ல கம்பெனி' என்ற நம்பிக்கையை மீட்டர் மதிப்பதில்லை.

இவ்வளவும் செய்தபின் மிச்சமிருக்கும் கேள்வி, எங்கே வைப்பது? 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜ் போட்டிருந்த புதிய மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தகப்பனும் அவர் மகளும் இறந்துபோனார்கள். கொன்றது நெருப்பு அல்ல, புகை. அது கம்பெனியில் செய்து வந்த வண்டி. அந்த ஆண்டு நாடு முழுக்க நடந்த இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு ஏ.ஐ.எஸ். 156 என்ற வாகன பேட்டரி விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. வீட்டில் கட்டும் பேக்கைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை, கட்டியவரே அதிகாரி.

ராயப்பேட்டையின் பழைய வீடுகளில் காலியாக இருக்கும் ஒரே இடம் மாடிப்படிக்கு அடியில்தான். செருப்பு, பழைய பேப்பர், கேஸ் சிலிண்டர் எல்லாம் அங்கேதான் தஞ்சம். பேக்கை அங்கே மட்டும் வைக்கக் கூடாது. மாடியில் இருக்கும் நான்கு குடித்தனத்துக்கும் வெளியேற அந்த ஒரு படிதான் வழி. எல்.எஃப்.பி. சுலபத்தில் எரியாது என்பது சரி. ஆனால் கெட்டுப்போனால் அதுவும் எரியக்கூடிய வாயுவைக் கக்கும், அறையை மூடிவிட்டுத் தூங்குபவருக்கு அது போதும். பரணும் சரியில்லை, மே மாதத்தில் அங்கே அடிக்கும் அனலில் இந்த செல்கள் சீக்கிரம் கிழடாகிவிடும். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யவே கூடாது என்பது பொது விதி. ஓட்டு வீட்டுப் பரண் அந்த எல்லையைத் தொடுவது சென்னையில் அதிசயமில்லை. வாசலுக்கும் கட்டிலுக்கும் தள்ளி, காற்றோட்டமான சுவரோரம், தகரப் பெட்டியில், துணிமணி எதுவும் அண்டாமல் வைப்பது ஓரளவு நியாயமான ஏற்பாடு. முதல் பத்து நாள் சார்ஜை ஆள் விழித்திருக்கும்போது மட்டும் போட்டு, அவ்வப்போது தொட்டுப் பார்த்து, எந்த மூலையாவது மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா என்று கவனிக்கலாம். பக்கத்துப் போர்ஷன்காரரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுவது முறை. அவர் ஆட்சேபித்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நெபுலைசரையே நம்பியிருக்கும் வீட்டில், இந்த பேக் மட்டுமே துணை என்று இருந்துவிடக் கூடாது. உள்ளேயே பேட்டரி உள்ள சின்ன நெபுலைசர்கள் கிடைக்கின்றன. கரண்டே தேவைப்படாத இன்ஹேலரும் ஸ்பேசரும் போதுமா என்பதை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். கைவேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், புயல் அடிக்கும் ராத்திரியில் ஒரு பி.எம்.எஸ். பலகை மக்கர் பண்ணுவதற்குக் காரணம் எதுவும் தேவைப்படாது.

ஒதுக்கிய செல்கள், செத்த செல்கள் என்று ஒரு சின்ன மூட்டை கடைசியில் மிஞ்சும். அதைக் காயலான் கடைக்கோ குப்பை வண்டிக்கோ போட்டால், எங்கோ ஒரு லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் உண்டு. இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகச் சுற்றி, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுக்கலாம். அதுவரை பால்கனி ஓரத்தில், மணல் போட்ட ஒரு பழைய பெயிண்ட் வாளியில் இருக்கட்டும்.